குழந்தைகளுக்கான அறிவியல், பொறியியல் பயிற்சி மையத்தைப் பிரான்சைஸ் முறையில் நடத்துவது எப்படி?

பிரான்சைஸ் என்பது ஒரு தலைமை நிறுவனத்தின் பெயரிலும் பாடத்திட்டத்திலும் மையம் நடத்தும் உரிமை. அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது உங்களுக்குக் கிடைப்பவை ஒரு பெயர், ஒரு பாடத்திட்டம், மையத்தை நடத்துவதற்கான ஒரு கையேடு. பெற்றோர் கட்டணம் செலுத்துவதோ, தம் குழந்தை மேசை முன் அமர்ந்து, தன் கையால் ஒன்றைச் செய்து, அது இயங்காமல் போனால் காரணத்தைத் தேடி, திருத்தி, மீண்டும் இயக்கிப் பார்க்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக. தலைமை நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அறைக்குள் இருப்பதில்லை. இருப்பவர் நீங்களும் உங்கள் ஆசிரியர்களும்தான். ஆகவே ஒப்பந்தம், கணக்கு, ஆட்சேர்ப்பு, பொருள் இருப்பு என எதைப் பற்றி முடிவெடுத்தாலும், அது குழந்தை கையால் செய்யும் நேரத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று கேட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கையெழுத்திடுவதற்கு முன்

அமெரிக்காவில், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கோ பணம் கைமாறுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே, 23 தலைப்புகள் கொண்ட ஒரு வெளிப்படுத்தல் ஆவணத்தைத் தலைமை நிறுவனம் தந்தாக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. நிறுவனத்தின் மீதான வழக்குகள், தொடக்கச் செலவின் மதிப்பீடு, திறக்கப்பட்ட மற்றும் மூடப்பட்ட மையங்களின் எண்ணிக்கை, கடந்த நிதியாண்டில் விலகியவர்களைத் தொடர்புகொள்ளும் விவரம் ஆகியவை அதில் இருக்கும். இத்தகைய சட்டம் இல்லாத நாட்டில் இருப்பவரும் இதே விவரங்களைக் கேட்டு எழுத்தில் பெற முயல வேண்டும். எந்த விவரத்தைத் தருவதற்கு நிறுவனம் தயங்குகிறது என்பதைக் கவனித்தாலே பல செய்திகள் புரிந்துவிடும். நிறுவனம் தானாக அறிமுகம் செய்துவைக்கும் வெற்றி பெற்ற மையங்களுடன் பேசுவது எளிது. அதைவிடப் பயன் தருவது, இரண்டு மூன்று ஆண்டுகள் நடத்திவிட்டு விலகியவர்களுடன் பேசுவது. பொருள்கள் குறித்த நேரத்தில் வந்தனவா, பாடங்கள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டன, இரண்டாம் ஆண்டில் எத்தனை குழந்தைகள் தொடர்ந்தார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் எல்லா விதிகளும் முக்கியம் என்றாலும், இந்தத் தொழிலுக்கே உரிய சில விதிகள் தனிக் கவனம் கோருகின்றன. உங்களுக்கென ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் தலைமை நிறுவனமே இணையவழி வகுப்புகளை நடத்தலாமா, அப்படி நடத்தினால் அந்த வருவாயில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பது முதலாவது. பல கிளைகள் கொண்ட ஒரு பள்ளிக் குழுமம் தலைமை நிறுவனத்துடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டால், உங்கள் எல்லைக்குள் இருக்கும் பள்ளியில் வகுப்பு நடத்துபவர் யார் என்பது இரண்டாவது. கிட்களையும் (பாடத்துக்கான பாகங்கள் அடங்கிய பெட்டிகள்) உதிரிப் பாகங்களையும் தலைமை நிறுவனத்திடம் மட்டுமே வாங்க வேண்டுமா, வெளியிலும் வாங்கலாமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மோட்டார் பழுதானால் அதற்காக ஆறு வாரம் காத்திருக்க நேரும் மையத்தில், அந்த ஆறு வாரமும் ஒரு மேசை குழந்தைகள் மற்றவர்கள் செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொலைவுக்குள் இதே துறையில் ஈடுபடக் கூடாது என்ற தடை விதியையும், நீங்கள் சொந்தமாக எழுதிச் சேர்த்த பாடங்களின் பதிப்புரிமை யாருக்குச் சேரும் என்பதையும் பிரான்சைஸ் ஒப்பந்தங்களில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாடத்திட்டத்தை மதிப்பிடுவது

விளக்கப் படங்களைப் பார்த்துப் பாடத்திட்டத்தை மதிப்பிட இயலாது. ஒரு பருவம் முழுவதற்குமான ஆசிரியர் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, உங்களுக்குத் தெரிந்த குழந்தைகள் நான்கைந்து பேரை அமர்த்தி, அவற்றில் இரண்டு பாடங்களை நீங்களே நடத்திப் பாருங்கள். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2003இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிப் பொறியியல் திட்டம், பொறியியலாளர் வேலை செய்யும் முறையைச் சிறுவர்களுக்கு ஐந்து படிகளில் சொன்னது: கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து. நீங்கள் வாங்கப்போகும் பாடத்தில் ஐந்தாவது படிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பல பாடங்கள் ‘உருவாக்கு’ என்பதோடு நின்றுவிடுகின்றன. படத்தில் உள்ளபடி அடுக்கி, இயக்கிக் காட்டி, கலைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டால் வகுப்பு முடிந்தது என்ற நிலையில், குழந்தை கற்றது அறிவுறுத்தலைப் பின்பற்றுவதை மட்டுமே. ஒரு தாளைத் தட்டையாக வைத்துப் பாலம் கட்டினால் அது சில நாணயங்களையே தாங்கும் என்பதையும், அதே தாளை விசிறி போல் மடித்து வைத்தால் பல மடங்கு எடை தாங்கும் என்பதையும் குழந்தை தானே கண்டுபிடிப்பதற்கு, முதல் பாலம் சரிந்து விழவும் இரண்டாவதைக் கட்டவும் நேரம் வேண்டும்.

எந்தக் கருவியின் மீது பாடத்திட்டம் நிற்கிறது என்பதும் முக்கியம். 1998இல் வெளிவந்து உலகெங்கும் ரோபோட்டிக்ஸ் வகுப்புகளின் அடித்தளமாக இருந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கிட் வரிசையின் விற்பனை 2022 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஒரே நிறுவனத்தின் ஒரே கிட்டை மட்டும் நம்பியிருக்கும் மையம், அத்தகைய நாளில் எல்லாக் கிட்களையும் ஒருசேர மாற்ற வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகும். 2005இல் தோன்றிய ஆர்டுயினோ, வடிவமைப்பு திறந்த நிலையில் இருப்பதால் பலரும் தயாரிக்கும், நிரல் எழுதி இயக்கும் மின்னணுப் பலகை. 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் இலவச மென்பொருள். 2016இல் பள்ளி மாணவர்களுக்காகவே பிபிசி முன்னின்று வழங்கிய மைக்ரோபிட் பலகையை ஸ்கிராட்ச் போன்ற கட்ட நிரல்களாலும் பைத்தான் என்னும் நிரல் மொழியாலும் இயக்கலாம். தலைமை நிறுவனத்தின் கிட்டை முதன்மையாக வைத்துக்கொண்டாலும், பாடங்களில் ஒரு பகுதி இத்தகைய பொதுக் கருவிகளாலும் அட்டை, நூல், மரக்குச்சி போன்ற எளிய பொருள்களாலும் நடக்குமாறு இருப்பது பாதுகாப்பானது. வயதுப் பிரிவையும் கவனியுங்கள். ஸ்கிராட்ச் 8 வயதிலிருந்தும் அதன் இளைய வடிவமான ஸ்கிராட்ச் ஜூனியர் 5 முதல் 7 வயது வரையிலும் என்று கருதி உருவாக்கப்பட்டவை. ஆறு வயதுக் குழந்தையையும் பதினோரு வயதுக் குழந்தையையும் ஒரே வகுப்பில் அமர்த்தச் சொல்லும் திட்டம், இருவருக்கும் பயன்படாது.

வருவாய்க் கணக்கு

தலைமை நிறுவனத்துக்குத் தொடர்ந்து செலுத்தும் தொகையான ராயல்டி பெரும்பாலும் மொத்த வருவாயின் மீது கணக்கிடப்படுகிறது, இலாபத்தின் மீது அல்ல. மாத வருவாய் 100 பங்கு, செலவு 85 பங்கு என்றால் மிச்சம் 15. அதிலிருந்து, மொத்த வருவாயில் 8 விழுக்காடு ராயல்டியும் 2 விழுக்காடு விளம்பர நிதியும் போனால் உங்கள் கையில் நிற்பது 5 பங்கு. நட்டம் வந்த மாதத்திலும் ராயல்டி உண்டு. சில ஒப்பந்தங்கள் குறைந்தபட்ச மாதத் தொகை ஒன்றையும் வைத்திருக்கும்; குழந்தைகள் குறையும் தேர்வு மாதங்களில் அது கனமாக அழுத்தும்.

இந்தத் தொழிலில் இலாபத்தைத் தீர்மானிப்பது மொத்தக் குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், ஒவ்வொரு வகுப்பும் எந்த அளவு நிரம்பியிருக்கிறது என்பதே. ஒரு குழந்தையின் மாதக் கட்டணம் 10 பங்கு, ராயல்டியும் விளம்பர நிதியும் சேர்ந்து 1 பங்கு, பொருள் செலவு 1 பங்கு, ஒரு வகுப்பை மாதம் முழுவதும் நடத்தும் ஆசிரியருக்கும் உதவியாளருக்கும் சேர்த்து 36 பங்கு என்று எடுத்துக்கொள்வோம். 12 குழந்தைகள் உள்ள வகுப்பில் வரவு 120. ராயல்டி 12, பொருள் 12, ஊதியம் 36 போக 60 பங்கு மிஞ்சும். 6 குழந்தைகள் மட்டும் உள்ள வகுப்பில் வரவு 60. 6, 6, 36 போக மிஞ்சுவது 12. குழந்தைகள் பாதியாகக் குறைந்தபோது மிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிட்டது. வாடகை, காப்பீடு, மேலாளர் ஊதியம் ஆகிய நிலைச் செலவுகள் 300 பங்கு என்றால், நிரம்பிய ஐந்து வகுப்புகள் அதை ஈடுசெய்யும். பாதி நிரம்பியவையாக இருந்தால் இருபத்தைந்து வகுப்புகள் தேவைப்படும். தொடக்க மாதங்களில் பெற்றோர் கேட்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு புதிய வகுப்பைத் திறந்துவிடுவதே மையங்கள் செய்யும் பெரிய தவறு. நானும் முதல் ஆண்டில் அதைச் செய்து, களைத்த ஆசிரியர்களையும் காலியான மேசைகளையும் ஒருசேரப் பார்த்தேன். குறைந்த நேரங்களை மட்டும் திறந்து, ஒரு வகுப்பில் எட்டுப் பேராவது சேர்ந்த பிறகு அடுத்ததைத் திறப்பதும், அதுவரை காத்திருப்போர் பட்டியல் வைப்பதும் நல்லது. அதற்காக ஒரு வகுப்பில் பதினெட்டுப் பேரை அமர்த்தலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு குழந்தையின் கையும் வேலை செய்கிறதா என்று இரண்டு பெரியவர்களால் பார்க்க முடிகிற எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டாது என்பது என் அனுபவம்.

கிட்டும் பேட்டரியும்

ஒவ்வொரு கிட்டுக்கும் எண் இட்டு, அதன் மூடியின் உட்புறத்தில் பாகங்கள் முழுவதும் அடுக்கப்பட்ட புகைப்படத்தை ஒட்டிவையுங்கள். வகுப்பின் கடைசி எட்டு நிமிடம் எண்ணி அடுக்குவதற்கே உரியது. அதைக் குழந்தைகளே செய்ய வேண்டும். இது பொருளைக் காப்பதோடு நில்லாமல், அடுத்த வகுப்பில் ஒரு குழந்தை பற்சக்கரம் ஒன்று இல்லாமல் பத்து நிமிடம் காத்திருப்பதையும் தவிர்க்கிறது. அடிக்கடி தொலையும் சிறு பாகங்களைத் தனிப் பெட்டியில் கூடுதலாக வைத்திருங்கள்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ரோபோட்டிக்ஸ் வகுப்பில் எழும் குழப்பங்களில் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. ஒரு சாதாரண ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட் தரும். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை பேட்டரி 1.2 வோல்ட் தரும். ஆறு பேட்டரிகள் போடும் ரோபோவில் இது 9 வோல்ட்டுக்கும் 7.2 வோல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு. மோட்டாரை ஒரு வினாடி இயக்கினால் ரோபோ செங்கோணத்தில் திரும்பும் என்று நேரத்தை வைத்து நிரல் எழுதிய குழந்தை, பேட்டரியின் மின்னழுத்தம் குறையக் குறைய அதே நிரலால் ரோபோ பாதிதான் திரும்புவதைப் பார்த்துத் தன் நிரல் தவறு என்று எண்ணிக்கொள்ளும். வகுப்புக்கு முன் எல்லாவற்றையும் முழுதாக மின்னேற்றி வைப்பது ஒரு வழி. பெரிய குழந்தைகளிடம் இந்தக் குழப்பத்தையே பாடமாக்கி, சக்கரம் எத்தனை சுற்று சுழன்றது என்று சென்சாரால் அளப்பது ஏன் நேரத்தை அளப்பதைவிட நம்பத்தக்கது என்று அவர்களே சொல்லும்படி கேள்வி கேட்பது அதைவிட நல்ல வழி.

ஆசிரியர்கள்

பொறியியல் பட்டம் பெற்றவரா, குழந்தைகளிடம் பழகத் தெரிந்தவரா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் நான் இரண்டாமவரையே எடுப்பேன். மின்சுற்றை மூன்று வாரத்தில் கற்றுத்தரலாம். குழந்தையின் கையிலிருந்து பொருளைப் பிடுங்கித் தானே சரிசெய்து கொடுக்கும் பழக்கத்தை மாற்றுவதற்கு ஓராண்டும் போதாது. நேர்காணலில் பேச்சை வைத்து முடிவு செய்யாமல், வேண்டுமென்றே தவறாக இணைத்த ஒரு மின்சுற்றையும் ஒரு குழந்தையையும் எதிரில் வைத்துப் பதினைந்து நிமிடம் கவனியுங்கள். அவர் கை நீள்கிறதா, கேள்வி பிறக்கிறதா என்பதில் விடை இருக்கிறது.

தலைமை நிறுவனம் தரும் பயிற்சி பெரும்பாலும் பாடம் சரியாக நடந்தால் என்ன நிகழும் என்பதைக் காட்டும். ஆசிரியருக்குத் தேவைப்படுவது அது நடக்காதபோது என்ன செய்வது என்பது. ஆகவே உங்கள் மையத்திலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பழுதுக் குறிப்பேடு உருவாக்குங்கள். எல்இடி என்னும் சிறு விளக்கு எரியவில்லை என்றால் அதன் கால்கள் மாறியிருக்கலாம். நீளமான பிரெட்போர்டு (மின்பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) பலவற்றில் ஓரத்தில் ஓடும் மின்வழங்கு வரிசை நடுவில் துண்டுபட்டிருக்கும். பாதிப் பலகைக்கு மின்சாரமே வராது. ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்தே, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டாருக்கும் மின்சாரம் கொடுத்தால், மோட்டார் திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து பலகை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். சிவப்பு எல்இடியை 9 வோல்ட் பேட்டரியுடன் இணைக்க ஏன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 390 ஓம் அளவிலான ரெசிஸ்டரைப் போடுகிறோம் என்று ஒரு குழந்தை கேட்டால், எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ள மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது, அதன் வழியே 20 மில்லிஆம்பியருக்கு மேல் போகாமல் பார்க்கக் குறைந்தது 350 ஓம் வேண்டும் என்று ஆசிரியர் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ‘கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்ற பதில் வகுப்பின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

ஒரு கிட்டுக்கு இரண்டு குழந்தைகள் என்று அமர்த்தும்போது, ஒருவர் கட்ட மற்றவர் பார்க்கும் நிலை மிக எளிதாக உருவாகிறது. பெண் குழந்தைகள் பாகம் எடுத்துக் கொடுப்பவராகவோ குறிப்பு எழுதுபவராகவோ ஒதுங்கிவிடுவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பணியை மாற்றச் சொல்வதும், மாறியதா என்று பார்ப்பதும் ஆசிரியரின் கடமையாக எழுத்திலேயே இருக்கட்டும்.

பாதுகாப்பு

பணியில் சேரும் ஒவ்வொருவரின் பின்னணியையும் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் முறைப்படி சரிபார்த்த பிறகே குழந்தைகள் இருக்கும் அறைக்குள் அனுமதியுங்கள். எந்த நேரத்திலும் ஒரு பெரியவர் தனியாக ஒரு குழந்தையுடன் மூடிய அறையில் இருக்கக் கூடாது. கதவில் கண்ணாடி இருக்க வேண்டும். பதிவில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே குழந்தையை ஒப்படைக்க வேண்டும். குழந்தைகளின் புகைப்படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தனியாக எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும்.

பொருள்களில் மிக அஞ்ச வேண்டியது பொத்தான் பேட்டரி. 20 மில்லிமீட்டர் அளவுள்ள லித்தியம் வகை, குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எல்இடி வாழ்த்து அட்டை போன்ற பாடங்களில் அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். வீட்டில் இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். சிறிய வலுவான காந்தங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை விழுங்கப்பட்டால் குடல் சுவர்களை இடையில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதால் அவற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். பலூன் காரும் பலூன் ராக்கெட்டும் பல பாடத்திட்டங்களில் உண்டு. பலூன் பெரும்பாலும் லேடெக்ஸால் ஆனது, அது சில குழந்தைகளுக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்பதால் சேர்க்கைப் படிவத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள். பசைத் துப்பாக்கியில் குறைந்த வெப்ப வகையையே வாங்குங்கள். அதுவும் தோலைச் சுடும் என்பதால் சிறு குழந்தைகளின் வகுப்பில் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். உறைந்த கரியமில வாயுவான உலர்பனி ஏறத்தாழ கழித்தல் 78 டிகிரி செல்சியஸில் இருப்பது. காட்சி வகுப்பில் பயன்படுத்தினால் காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்துங்கள், மூடிய பாட்டிலில் ஒருபோதும் போடாதீர்கள்.

பள்ளிகளும் பெற்றோரும்

பள்ளிக்குள் சென்று நடத்தும் வகுப்பில் வாடகை இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அறை உங்களுடையது அல்ல. பள்ளிக் கணினிகளில் மென்பொருளை நிறுவ அனுமதி இருக்காது, இணைய வடிகட்டி நிரல் எழுதும் தளத்தைத் தடுத்திருக்கும். முதல் வகுப்புக்கு முந்தைய வாரமே அதே அறையில் அதே கணினியில் முழுப் பாடத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பெற்றோரிடம் குழந்தை பொறியியலாளராகிவிடும், தேர்வு மதிப்பெண் உயரும் என்று சொல்லிச் சேர்க்காதீர்கள். தலைமை நிறுவனத்தின் துண்டறிக்கையில் அப்படி இருந்தாலும், அதைத் திருத்தச் சொல்லி எழுதிக் கேளுங்கள். பருவ இறுதியில் நடத்தும் காட்சி நாளில் ஆசிரியர் பேசாமல் இருப்பது சிறந்தது. தான் கட்டிய கவண் முதல் முறை ஏன் எறியவில்லை, எதை மாற்றினேன் என்று எட்டு வயதுக் குழந்தை தன் வீட்டாரிடம் தானே விளக்கும்போது, அடுத்த பருவத்துக்கான சேர்க்கை பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. போட்டிகளும் உதவும், அளவோடு இருந்தால். 1998இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற ரோபோ போட்டி பத்துப் பேர் வரை கொண்ட அணிக்கானது. ரோபோ களத்தில் ஓடுவது இரண்டரை நிமிடமே, அதற்கான ஆயத்தம் மாதக் கணக்கில். விரும்பிய குழந்தைகளுக்கு அதைத் தனி நேரத்தில் நடத்துங்கள். வழக்கமான வகுப்பைப் போட்டிப் பயிற்சியாக மாற்றினால் மற்ற குழந்தைகள் மெல்ல விலகிவிடுவார்கள்.

ஒப்பந்தம் புதுப்பிப்புக்கு வரும் நாளுக்குக் குறைந்தது ஓராண்டு முன்பிருந்தே மூன்று எண்களைப் பருவந்தோறும் எழுதிவாருங்கள்: தொடர்ந்து சேர்ந்த குழந்தைகளின் விழுக்காடு, தலைமை நிறுவனம் உண்மையில் புதுப்பித்துத் தந்த பாடங்களின் எண்ணிக்கை, புதிய சேர்க்கைகளில் அந்தப் பெயரைத் தேடி வந்தவர் எத்தனை பேர், உங்கள் மையத்தைப் பற்றி வேறொரு பெற்றோர் சொல்லி வந்தவர் எத்தனை பேர் என்ற பங்கு. ராயல்டியைக் குறைக்கக் கேட்பதா, அதே நிபந்தனையில் தொடர்வதா, தடைக்காலத்தைக் கழித்துவிட்டுச் சொந்தப் பெயரில் நடத்துவதா என்பதை அந்தத் தாளை மேசையில் விரித்துவைத்துத் தலைமை நிறுவனத்துடன் பேசுங்கள்.